யாவர்க்கும் மருத்துவக் காப்பு

பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை மறுக்கப்படலாகாது என்பது நம் நாட்டில் இன்று நேற்று தோன்றிய எண்ணமன்று. சர் ஜோசப் போர் அவர்களின் தலைமையில் அமைந்த குழு 1946ஆம் ஆண்டிலேயே இதனை வலியுறுத்தியது. எனினும், அக்கருத்து படிப்படியாகவே செயலுருப் பெற்று வருகிறது.

முதற்படி தொழிலாளருக்கு உரியதாயிற்று. 1948இல் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் இ.எஸ்.ஐ. திட்டம் தொடங்கிற்று. 2019 முதல், ஊதியத்தில் நூறு ரூபாய்க்குத் தொழிலாளி முக்கால் ரூபாயும் முதலாளி மூன்றேகால் ரூபாயும் செலுத்துகின்றனர். பெங்களூரில் இராஜாஜிநகர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமான இடமாகும். ஆனால் தெருவில் காய் விற்பவரும், வீட்டு வேலை செய்பவரும் இத்திட்டத்திற்கு வெளியே நின்றனர்.

அத்தகையோரையும் எண்ணியே கர்நாடக அரசாங்கம் 2018இல் 'ஆரோக்கிய கர்நாடகம்' என்னும் திட்டத்தை வகுத்தது. அவ்வாண்டே அது மத்திய அரசின் 'ஆயுஷ்மான் பாரத்' திட்டத்தோடு இணைந்தது. வறிய குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை சிகிச்சை. ஏனைய கர்நாடக வாசிகளுக்கும் நிர்ணயித்த கட்டணத்தில் நூற்றுக்கு 30 பங்கு, ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை. 2024 அக்டோபரில், 70 வயது நிரம்பியோருக்கு, வருமானம் எதுவாயினும், காப்பு அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கிற்று. பொதுமக்கள் அனைவரையும் நோக்கி இது நல்லதொரு நகர்வே.

ஆயினும், நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தலைமுறைகளாக வாழ்வோரிடம் இம்மாநிலத்து ரேஷன் கார்டு உண்டு. தருமபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ கட்டட வேலைக்கு அண்மையில் வந்தவரின் கார்டோ சொந்த ஊரிலேயே இருக்கிறது. கர்நாடகத் திட்டம் கர்நாடக வாசிகளுக்கே உரியது. 'ஆயுஷ்மான் பாரத்' பட்டியலில் பெயர் உள்ளவர், அத்திட்டத்தில் சேர்ந்த வெளிமாநில ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை பெறலாம். பெயர் இல்லாதவர் என் செய்வார்? காப்பு என்பது முகவரியைத் தொடராமல் மனிதரைத் தொடர்ந்தாலன்றி, 'யாவர்க்கும்' என்ற சொல் முழுமை பெறாது.

அந்நாள் வரும்வரை நம் கடமை யாது? சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தம் உண்டா என்று கேட்டு, காப்பீட்டு எண்ணைப் பெற்றுக் கொள்வோம். பட்டியலில் நம் குடும்பத்தின் பெயர் உள்ளதா என இன்றே விசாரிப்போம். கர்நாடகத் திட்டத்தில், அவசர நோய்கள் நீங்கலாக, முதலில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும் என்பதை அறிந்து வைப்போம். புதிதாக வந்த நம்மவர்க்கும் இவற்றை எடுத்துரைப்போம். வெள்ளம் வருமுன் அணை போடுவதன்றோ அறிவுடைமை!