பார்த்துக் குடுங்க

(பண்ருட்டியில் நடந்த கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டாங்க. இன்னைக்குக் கவிதை வேண்டாம், ஒரு கணக்குச் சொல்றேன். வங்கியில கிளார்க்கு நான், கணக்குதான் பொழப்பு.

போன கோடையில ஒரே வாரத்துல ரெண்டு பேர் என் வீட்டுக்கு ரிப்பேருக்கு வந்தாங்க. முதல்ல வந்தவர் ஏ.சி. மெக்கானிக். வந்து பாக்குறதுக்கு மட்டும் 400 ரூபா, வேலைக்குத் தனின்னு வாசல்லயே சொல்லிட்டார். பார்த்துட்டு, கேஸ் எறங்கிப்போச்சு, நிரப்பணும்னார். அது பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்ல, கசிஞ்சாத்தான் குறையும். கசியுற எடத்த அடைக்காம நிரப்பினா அடுத்த கோடையிலயும் அதே செலவு. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு கேள்வி கேக்காம 2500 குடுத்தேன்.

மூணாம் நாள் செப்டிக் டேங்க் அடைச்சுக்கிச்சு. வந்தவர் எங்க காலனிக்காரர், எனக்கு மாமா முறை. எங்கப்பாவோட சேர்ந்து நெய்வேலிப் பக்கம் வீடு வீடா அடைப்பெடுத்தவர். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்த்தார், எடுபடல. குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் கையை விட்டு எடுத்தார். ஒரு கையுறைகூட நான் வாங்கி வைக்கல.

"எவ்வளவு மாமா?"

"பார்த்துக் குடுங்க சார்."

மாமா என்னை சார்ங்கிறார். பையில 500 ரூபா நோட்டு இருந்துச்சு. அதை உள்ள தள்ளிட்டு, மூணு நூறு ரூபாயைத் தேடி எடுத்துக் குடுத்தேன்.

எங்கப்பாவும் இதே சொல்லைத்தான் சொன்னார். பின்வாசல்ல நின்னு, தனி டம்ளர்ல காப்பி குடிச்சுட்டு, பார்த்துக் குடுங்க சாமின்னு. அவர் வாயால ஒரு தொகையைச் சொல்லி நான் கேட்டதே இல்ல. சொன்னா திமிரும்பாங்க, மறுவாட்டி வேற ஆளைக் கூப்பிடுவாங்க. இந்த ஊர்ல பலாப்பழத்துக்குக்கூடத் தட்டிப் பார்த்து விலை உண்டு. வங்கியில ஒரு டி.டி. எடுத்தா இவ்வளவு கமிஷன்னு எழுதி வச்சிருக்கோம், யாரும் பேரம் பேசுறதில்ல. சேரிக்காரன் உழைப்புக்கு மட்டும் விலையை எதிராளிதான் சொல்லணும். அதுக்குப் பேரு கூலி இல்ல தோழர்களே, இனாம்.

ரிப்பேர்க்காரங்க ஏமாத்துறாங்கன்னு எல்லாரும் பேசுறோம். அதுக்கு 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. காசு குடுத்தவர் மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். குறைச்சு வாங்கினவர் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போவார்?

இன்னொண்ணு. 2013ஆம் வருஷத்துச் சட்டப்படி, பாதுகாப்புச் சாதனம் இல்லாம ஒரு ஆளை செப்டிக் டேங்க் வேலைக்கு விட்டா, முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்ல 2 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். முனிசிபாலிட்டிக்கு மட்டும் இல்ல, வீட்டுக்காரனுக்கும்தான். அப்போ நான் குற்றவாளி. இந்த வேலையில செத்தவங்க குடும்பத்துக்கு 10 லட்சம் குடுக்கணும்னு 2014 மார்ச்சுல உச்ச நீதிமன்றம் சொல்லிச்சு. 2023 அக்டோபர்ல அதை 30 லட்சமாக்கிச்சு. போராடி வாங்கினது, வேண்டாம்னு சொல்லல. ஆனா யோசிச்சுப் பாருங்க: மாமா செத்தா தொகை இருக்கு. உசுரோட எழுந்து கை கழுவினா, பார்த்துக் குடுங்க.

அதனால மூணு விஷயம் கேக்குறேன். டேங்குன்னா உறிஞ்சுற லாரியைத்தான் கூப்பிடணும், ஆளை எறக்கக் கூடாது, கையையும் விட வைக்கக் கூடாது. மத்த வேலைக்கு, வெள்ளையடிக்கிறதோ, மரம் வெட்டுறதோ, குழாய் மாத்துறதோ, நம்ம காலனியிலயே உக்காந்து பேசி ரேட்டு எழுதி வைக்கணும். வந்து பாக்குற கூலியும் அதுல இருக்கணும். மூணாவது, என்னை மாதிரி உத்தியோகத்துக்குப் போனவங்களுக்கு: வேலைக்கு முன்னாடியே தொகையைக் கேளுங்க, சொன்னதைக் குறைக்காதீங்க.

மறுவாரம் மாமா வீட்டுக்கு மீதிப் பணத்தோட போனேன். "அன்னைக்கே குடுத்துட்டீங்களே சார்"னு வாங்க மாட்டேன்னுட்டார். சார்னு சொல்லாதீங்க மாமான்னேன். சிரிச்சார். பணம் இன்னும் என்கிட்டதான் இருக்கு.

ஜெய் பீம்.