கான்ஹாவிற்குச் செல்லுமுன்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் இலக்கியப் பேருரை ஒன்று நிகழ்வது நம் சங்கத்தின் மரபு. சிலம்பையும் கம்பனையும் கேட்டுப் பழகிய இவ்வவையில், இவ்வாண்டு காட்டைப் பற்றிய நூல்களைக் குறித்துப் பேசுமாறு செயற்குழுவினர் பணித்தனர். நாம் விலங்கியல் கற்றவரல்லேம். தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கெழுதியே தலை நரைத்தவர். ஆயினும் இப்பணியை ஏற்றுக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. அக்காரணம் பெருமைக்குரியதன்று. அதனை மறைக்காமல் முதற்கண் கூறிவிடுதலே முறை.

சென்ற ஆண்டு பிப்ரவரித் திங்களில் நம் குடியிருப்பைச் சேர்ந்த குடும்பங்கள் பல ஒன்றுகூடிக் கான்ஹாக் காட்டிற்குச் சென்று வந்ததை நீங்கள் அறிவீர்கள். இந்த ஜபல்பூரிலிருந்து மண்டலா வழியாக ஏறத்தாழ 160 கிலோமீட்டர். புளியோதரை, தயிர்ச்சாதம், முறுக்கு, சீட்டுக்கட்டு என எதற்கும் குறைவில்லை. காட்டைப் பற்றிய ஒரு நூலேனும் ஒருவர் பையிலும் இல்லை. விடியற்காலைக் குளிரில் திறந்த ஜீப்புகளில் ஏறினோம். புலி வரும், புலி வரும் என்று மூன்றரை மணி நேரம் சுற்றினோம், புலி வரவில்லை. அகன்ற புல்வெளி ஒன்றின் ஓரத்தில் வழிகாட்டி வண்டியை நிறுத்தி, "பாபுஜி, பாராசிங்கா" என்றார். கிளைத்த கொம்புகளுடன் பத்துப் பன்னிரண்டு மான்கள் பனியில் நின்றன. "மான்தானே பையா, அதை எங்கும் பார்க்கலாம், வண்டியை விடுங்கள், புலியைக் காட்டுங்கள்" என்று கூறியது நம் வண்டியில் இருந்தோரே, அக்குரல்களுள் எமதும் ஒன்று. அவர் ஒன்றும் பேசவில்லை. வண்டி நகர்ந்தது. திரும்பி வந்தபின், புலியைக் காட்டாதவருக்குப் பணம் எதற்கு என்று வாயிலில் நின்று வாதாடியதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வீடு திரும்பும் வழியில் நான்காம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன், "அந்த மானுக்கு ஏன் அத்தனை கொம்பு?" என்று கேட்டான். பேருந்தில் பொறியாளர் அறுவர், ஆசிரியைகள் மூவர், ஓய்வுபெற்ற மேலாளர் ஒருவர் இருந்தோம். ஒருவருக்கும் விடை தெரியவில்லை.

ஜூலை முதல் செப்டம்பர் முடியக் கான்ஹாவின் வாயில்கள் மழைக்காக மூடப்பெறும். அம்மூன்று திங்களும் நாம் படித்தோம். முதலில் கைக்குக் கிடைத்தது ஜார்ஜ் ஷாலர் என்னும் அமெரிக்க அறிஞர் எழுதிய 'மானும் புலியும்' என்று பொருள்படும் ஆங்கில நூல். 1967-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் 1963-ஆம் ஆண்டின் இறுதியில் மனைவியுடனும் இரு சிறு மக்களுடனும் கான்ஹாவில் வந்து குடியேறி, ஓராண்டிற்கும் மேலாக நாள்தோறும் காட்டில் நடந்து குறிப்பெடுத்தவர். துப்பாக்கியால் அளக்கப்பட்டு வந்த இந்தியக் காட்டைக் குறிப்பேட்டால் அளந்தவர்களுள் முன்னோடி என்று அவரைச் சொல்லலாம். புலி என்ன தின்கிறது என்பதை அறிய, அதன் கழிவை நூற்றுக்கணக்கில் சேகரித்து, அதிலுள்ள மயிரையும் எலும்பையும் ஆராய்ந்திருக்கிறார். புள்ளிமானே அதன் தலையாய உணவு என்று கண்டார். இன்னொன்றும் கண்டார்: புலியின் வேட்டை பெரும்பாலும் தோல்வியிலேயே முடிகிறது, இருபது முறை முயன்றால் ஒருமுறை வெல்வதே அரிது. இதனைப் படித்தபோது நமக்குச் சிரிப்பு வந்தது. மூன்றரை மணி நேரத்தில் புலி கிடைக்கவில்லையென்று சினந்த நாம், அப்புலியே எத்தனை நாள் வெறுங்கையுடன் திரும்புகிறது என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

சிரிப்பு அடங்கியது, அந்தப் பன்னிரு கொம்பு மானைப் பற்றி மேலும் தேடிப் படித்தபோதுதான். பாராசிங்கா என்னும் சொல்லுக்கே பன்னிரு கிளைக் கொம்பன் என்பது பொருள். இவ்வினம் வடக்கே தராய்ச் சதுப்புகளிலும், கிழக்கே அசாமிலும் உண்டு. அவற்றின் குளம்பு சேற்றில் பதியுமாறு விரிந்தது. நடு இந்தியாவில் உள்ளதோ கெட்டித் தரைக்கு ஏற்பக் குளம்பு இறுகிய தனிவகை. 1938-இல் கான்ஹாப் பகுதியில் ஏறத்தாழ 3000 இருந்ததாக மதிப்பிடப்பெற்ற இவ்வகை, வேட்டையாலும், புல்வெளியைக் கால்நடை மேய்ந்தமையாலும், ஆண்டுதோறும் இட்ட தீயாலும், குட்டி மறைந்து வளர உயர்ந்த புல் இல்லாமையாலும் குறைந்து குறைந்து, 1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 66 ஆயிற்று. அறுபத்தாறு! நம் குடியிருப்பின் ஒரு வரிசை வீடுகளில் வாழ்வோரைவிடக் குறைவு. அந்த 66-ம் கான்ஹாவில் மட்டுமே இருந்தன. வேலியிட்ட அடைப்பில் காத்து வளர்த்தும், புல்வெளிகளைப் பேணியும், அவற்றைப் பல நூறாகப் பெருக்கினர். 2015 முதல் சாத்புராக் காட்டிற்கும் சிலவற்றைக் கொண்டு சென்றுள்ளனர். நாம் "எங்கும் பார்க்கலாம்" என்று சொல்லிக் கடந்து சென்ற மான் அது.

அந்த மானின் அறிவியற் பெயரில் பிராண்டர் என்பவரின் பெயர் பதிந்துள்ளது. டன்பர் பிராண்டர் இப்பகுதியில் வன அலுவலராகப் பணியாற்றியவர்; நடு இந்திய விலங்குகளைப் பற்றி 1923-இல் ஒரு நூல் எழுதினார். வேட்டைக்காரர்தாம், ஐயமில்லை. ஆயினும் பார்த்ததைப் பார்த்தவாறே எழுதியவர். இதற்கும் முந்தியது ஃபார்சித் என்பார் 1871-இல் வெளியான தம் நூலில் எழுதிய இம்மலைநாட்டு வருணனை. அதனைப் பொழுதுள்ளவர்கள் படிக்கலாம். சுட்டுக்கொன்ற கணக்குகள் பல பக்கங்களைத் தின்கின்றன.

கையில் வைத்துக்கொள்ளத் தக்கவை இரண்டே என்று துணிந்து சொல்வோம். ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பிரேட்டர் 1948-இல் வெளியிட்ட இந்திய விலங்கு நூல். மற்றொன்று, சலீம் அலி 1941-இல் வெளியிட்ட இந்தியப் பறவை நூல். கடமான் எது, புள்ளிமான் எது, செந்நாய்க்கும் நரிக்கும் வேற்றுமை யாது என்பதை முன்னதன் வண்ணப் படங்களைப் பார்த்தே குழந்தைகள் அறிந்துகொள்வார்கள். பின்னதைக் காட்டிற்குத்தான் எடுத்துச் செல்லவேண்டும் என்பதில்லை. நம் வீட்டு வேப்பமரத்திலேயே தொடங்கலாம்.

குழந்தைகளுக்குக் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' தெரிந்திருக்கும். நூலாக இல்லாவிடினும் திரைப்படமாகத் தெரிந்திருக்கும். 1894-இல் வெளிவந்த அக்கதையின் களம் நமக்கு அண்டையிலுள்ள சிவனி மாவட்டம். அதில் வரும் ஆறு நம் வைன்கங்கையே. வேடிக்கை யாதெனில், கிப்ளிங் சிவனிக்கு வந்தவரல்லர். அமெரிக்காவின் வெர்மான்ட் பனியில் அமர்ந்து, ஸ்டெர்ன்டேல் என்பார் 1877-இல் சிவனியைப் பற்றி எழுதிய நூல் முதலியவற்றின் துணைகொண்டு எழுதினார். கதை இனிது, குழந்தைகள் படிக்கட்டும். ஆனால் அதனை மட்டும் படித்துவிட்டுச் செல்லும் குழந்தை, புலியை வஞ்சகனென்று எண்ணிக்கொண்டு செல்லும். அந்த நஞ்சை முறிப்பதற்கு ஜிம் கார்பெட் 1944-இல் வெளியிட்ட குமாவுன் ஆட்கொல்லிகள் நூல் பயன்படும். பெயர் அச்சுறுத்தினும், உள்ளே அவர் காட்டுவது வேறு. முள்ளம்பன்றியின் முள் தைத்தோ, குண்டடி பட்டோ, பல் உடைந்தோ இயல்பான இரையைப் பிடிக்க இயலாமற்போன புலியே மனிதனைத் தேடி வருகிறது என்பதைக் காரணங்காட்டி நிறுவுகிறார்.

இவையெல்லாம் ஆங்கில நூல்கள் ஆயிற்றே, தமிழில் இல்லையா என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. வீட்டில் தமிழ், வீதியில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வாழும் நமக்கு இக்கேள்வி முதன்மையானது. மா. கிருஷ்ணனை நாம் அறியாதிருத்தல் தகாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். 1912-இல் பிறந்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950-இல் தொடங்கி 1996-இல் மறையும் நாள்வரை, நாற்பத்தாறு ஆண்டுகள் இயற்கைக் கட்டுரை எழுதியவர். தாமே உறுப்புகளைப் பொருத்திச் செய்துகொண்ட ஒளிப்படக் கருவியால் கறுப்பு வெள்ளையில் யானைகளைப் படமெடுத்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் தொகுக்கப்பெற்றுள்ளன. அணில், காக்கை, ஓணான் முதலிய எளிய உயிர்களையும் மதித்து எழுதிய தமிழ் அது. படிப்போர்க்குக் கண் திறக்கும். அதனைத் தொகுத்த சு. தியடோர் பாஸ்கரன் எழுதிய 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக' என்னும் நூலையும் சேர்த்துப் படிக்கலாம். காட்டுயிர் பற்றிப் பேசத் தமிழில் சொல்லில்லை என்று கூறுவோர்க்கு அந்நூலே விடை. சங்கப் பாடல்களில் ஈடுபாடுடையோர் பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்பதைத் தேடிப் பிடிக்கவேண்டும். பாட்டில் பெயராக மட்டும் நின்ற பறவைகள் அதில் இறகும் குரலும் பெறுகின்றன.

இறுதியாக ஒரு நூல். இது விலங்கைப் பற்றியதன்று, மக்களைப் பற்றியது. வெரியர் எல்வின் 1939-இல் எழுதிய 'பைகா' என்னும் பெருநூல். மண்டலாக் காடுகளில் வாழும் பைகா மக்களோடு பழகி எழுதியது. நிலம் தாயாதலின் அவள் மார்பை ஏரால் கீறலாகாது என்று உழவை மறுத்து, காட்டை வெட்டி எரித்துச் சாம்பலில் விதைத்தவர்கள் அவர்கள். அவ்வழக்கத்தை அரசு தடுத்ததால் அவர்கள் பட்ட துன்பத்தை எல்வின் விரிவாக எழுதியுள்ளார். பின்னர்க் கான்ஹா புலிகள் காப்பகமானதையொட்டி, 1970-களிலும் அதன் பின்னும் காட்டின் உள்ளிருந்த பைகா, கோண்டு ஊர்கள் பல வெளியே மாற்றப்பட்டன. அவ்வாறு காலியான ஊர்நிலங்களே புல்வெளிகளாயின. சோன்ஃப் என்னும் புல்வெளி அத்தகையது. பாராசிங்கா பெருகியது அப்புல்லில்தான்.

இவற்றைப் படித்தபின், சென்ற டிசம்பரில் மீண்டும் சென்றோம். இம்முறை பத்துப் பேர் மட்டுமே. முன்பு நம்மை அழைத்துச் சென்ற அதே வழிகாட்டி வாய்த்தது தற்செயலே. அவரும் நம்மை மறந்திருக்கவில்லை. வாயிலிலேயே பழைய செயலுக்கு வருத்தம் தெரிவித்தோம். "புலி வேண்டாம் பையா, பாராசிங்காவைக் காட்டுங்கள்" என்றோம். அவர் ஒருகணம் நம்மை உற்று நோக்கிவிட்டுச் சிரித்தார். புல்வெளியில் ஒரு மணி நேரம் நின்றோம். அஃது அவற்றின் இணைவிழைச்சுக் காலம். கொம்பில் புல்லைச் சுருட்டி முடிபோல் சூடிக்கொண்டு ஓர் ஆண்மான் கழுத்தை நீட்டிக் கத்தியது. பழைய கேள்வியைக் கேட்ட அதே பையன், "கொம்பு பெண்ணுக்கு இல்லை, ஆணுக்கு மட்டுமே. போட்டியிடுவதற்கு, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும்" என்று தன் தங்கைக்கு எடுத்துரைத்தான். நாம் வாய் திறக்கவில்லை.

சிராவண தால் என்னும் குளத்தருகே வண்டி நின்றபோது, தயரதன் அம்பெய்து சிரவணனைக் கொன்றது இவ்விடத்தில் என்று இவ்வூரார் சொல்லும் கதையை வழிகாட்டி கூறினார். நம் தாய்மார்களுக்குக் கண் கலங்கிற்று. பின்னர், "உங்கள் ஊர் எது?" என்று கேட்டோம். அவர் புல்வெளியின் கோடியில் நின்ற இரண்டு மாமரங்களைக் காட்டினார். "தாத்தா வைத்தது" என்றார். அவ்வளவே சொன்னார். காட்டில் மாமரம் வரிசையாக நிற்பதைக் கண்டால் அங்கு ஊர் இருந்ததென்று அறியவேண்டும் என்பதை நாம் எந்த நூலிலும் படிக்கவில்லை. மான் பிழைத்தது நன்று என்றும் சொல்லத் தோன்றியது. அம்மாமரங்களைப் பார்த்தபின் அதனை அவரிடம் சொல்ல நா எழவில்லை. இன்றும் இதற்கு நம்மிடம் விடையில்லை.

புலி அன்றும் வரவில்லை. மந்திகள் மட்டும் ஒருமுறை மரத்திலிருந்து குரைத்தன. புள்ளிமான்கள் வாலுயர்த்தி ஒரே திசையை நோக்கின. எங்கோ அருகில் இருந்திருக்கிறது. அதுவே போதும் என்று திரும்பினோம்.

மேற்கூறிய நூல்களுள் ஏழினைச் சங்க நூலகத்திற்கு வாங்கியுள்ளோம். எல்வினும் ஷாலரும் விலை மிகுந்தவை. அன்பர்கள் இருவர் பெயர் வெளியிட விரும்பாது உதவினர். கொலுப் பொம்மைகள் வைத்திருந்த இரண்டாம் அலமாரியில் அவை உள்ளன. பிரேட்டர் ஒரே படியே இருத்தலின், பதினைந்து நாட்களுக்கு மேல் எவரும் வைத்துக்கொள்ளலாகாது. மாமி ஒருவர் அதனை எடுத்துச் சென்று ஆறு வாரம் ஆயிற்று. அவர் இவ்வவையிலேயே அமர்ந்திருக்கிறார். பேரனும் பேத்தியும் படங்களை விடமறுக்கிறார்களாம். இன்னும் ஒரு வாரம் தருகிறோம்.