எகிப்தியல்: தோண்டியவர்களும் படித்தவர்களும்



"உன் தொழிலைப் பற்றிப் பேசாதே, வேறு ஏதாவது சொல்லு" என்று சங்கச் செயலாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் கான்கிரீட் தப்பித்தது. பண்டைய எகிப்தை ஆராயும் எகிப்தியல் துறையை எடுத்துக்கொண்டேன். சிவில் படித்தவனுக்கு அங்கே என்னப்பா வேலை என்று கேட்பீர்கள். நிறையவே இருக்கிறது.

இந்தத் துறை பிறந்த வருஷம் 1822 என்பார்கள். 1799ல் நெப்போலியனின் படையினர் கண்டெடுத்த ரோசெட்டா கல்லில் ஒரே அரசாணை மூன்று எழுத்துகளில் இருந்தது. கல் பிரிட்டிஷாரிடம் கைமாறி லண்டன் போனது. அதன் நகல்களை வைத்துக்கொண்டு, ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக யாருக்கும் படிக்கத் தெரியாதிருந்த சித்திர எழுத்தைப் பாரிசில் ஷாம்போலியன் படித்துக் காட்டினார்.

அடுத்து வந்தவர் பெட்ரி. இவர் நம்ம ஜாதி! தந்தை எஞ்சினியர். பெரிய பிரமிடின் அளவுகளில் தெய்வ ரகசியம் ஒளிந்திருக்கிறது என்று பியாசி ஸ்மித் என்ற வானியலாளர் எழுதிய புத்தகம் அன்று பரபரப்பாக ஓடியது. சரி, அளந்தே பார்த்துவிடுவோம் என்று 1880ல் தியோடலைட்டுடன் கிஸாவுக்குப் போனார் பெட்ரி. ஒரு பழைய கல்லறைக்குள்ளேயே குடியிருந்து அளந்தார். பக்கத்துக்குச் சுமார் 230 மீட்டர். பக்கத்துக்குப் பக்கம் வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான்! ஆனால் ஸ்மித்தின் கணக்குக்கு வேண்டிய அளவு மட்டும் கிடைக்கவில்லை. ரகசியம் அத்தோடு போயிற்று.

கணிப்பொறி மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுத்தே தோன்றாத காலத்துக் கல்லறைகளில் எது முந்தியது, எது பிந்தியது என்று கண்டுபிடிக்க, சுமார் 900 கல்லறைகளில் கிடைத்த பானைகளை அட்டைத் துண்டுகளில் குறித்து, மாற்றி மாற்றி அடுக்கி வரிசைப்படுத்தினார் இதே பெட்ரி. கணிப்பொறி இல்லாத காலம், பாருங்கள். அதுவரை தங்கத்தைத் தேடியவர்கள் பானை ஓட்டைக் குப்பையில் வீசிக்கொண்டிருந்தார்கள். செங்கடல் ஓரம் குஸைர் அல்-காதிமில் தமிழ் பிராமியில் கணன், சாதன் என்ற பெயர்கள் கிடைத்ததும் பானை ஓட்டில்தான்.

இதெல்லாம் பெருமை. இனிச் சொல்லப்போவது பெருமை அல்ல.

மண்ணைத் தோண்டியவர்கள் எகிப்தியர்கள். குஃப்த் என்ற ஊர்க்காரர்கள் பெட்ரியிடம் பழகி, பரம்பரை பரம்பரையாக அகழாய்வு மேஸ்திரிகளாகவே ஆனார்கள். ஆனால் எழுத்தைப் படிக்க அவர்கள் நாட்டாருக்கு வழி விடவில்லை. 1869ல் ப்ருக்‌ஷ் என்ற ஜெர்மானியர் கெய்ரோவில் எகிப்திய மாணவர்களுக்கு இந்த எழுத்தைக் கற்றுக்கொடுக்கப் பள்ளி தொடங்கினார். தொல்பொருள் துறையை நடத்திய பிரெஞ்சுக்காரர் மாரியெட்டுக்கு அது பிடிக்கவில்லை. அருங்காட்சியகத்துக் கல்வெட்டுகளை உள்ளூர்க்காரர் நகலெடுக்கவே தடை! சில வருஷங்களில் பள்ளியும் மூடிப் போனது. அங்கே படித்த அகமது கமால் வேறு வேலைகள் பார்த்து அலைந்து, வெகு காலம் கழித்தே துறைக்குள் நுழைந்தார். சித்திர எழுத்துக்கு அரபியில் 22 தொகுதி அகராதி ஒன்றைக் கையால் எழுதி வைத்தார். 1923ல் அவர் கண்ணை மூடும்போது அது அச்சாகவில்லை. இந்த நூற்றாண்டில்தான் அச்சேறத் தொடங்கியது. எகிப்தியருக்கு இதில் அக்கறையே இல்லை என்று பிரெஞ்சு இயக்குநர் ஒருமுறை சொன்னபோது, இத்தனை வருஷத்தில் எங்களுக்கு என்ன வாய்ப்புக் கொடுத்தீர்கள் என்று கமால் திருப்பிக் கேட்டாராம். துறைத் தலைமை எகிப்தியர் கைக்கு வந்தது 1952 புரட்சிக்குப் பிறகுதான். கண்டெடுத்ததில் வெளிநாட்டார் பங்கு வாங்கிப் போகும் வழக்கத்துக்கு 1983ஆம் ஆண்டுச் சட்டம் முடிவு கட்டியது.

இன்றைய நிலைக்கு வருவோம். 2013ல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃபில் சில பாப்பிரஸ் சுருள்கள் கிடைத்தன. மெரெர் என்ற மேற்பார்வையாளர் தன் ஆட்களோடு தூராவிலிருந்து சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, கூஃபுவின் பிரமிடுக்குக் கொண்டுபோன தினக்குறிப்பு. வயசு நாலாயிரத்து ஐந்நூறு! நம் சைட் டைரி மாதிரியே இருக்கிறது: இன்று எங்கே, யாரோடு, எத்தனை நடை. வேற்றுக்கிரகத்தார் கட்டினார்கள் என்போர் இதைப் படிக்க வேண்டும். 2017ல் மியூவான் துகள்களைக் கொண்டு அதே பிரமிடுக்குள் 30 மீட்டராவது நீளமுள்ள வெற்றிடம் ஒன்றைக் கண்டார்கள். பத்திரிகைகளுக்கு அது கொண்டாட்டம்.

எனக்கு அதைவிடக் கவலை கிடங்குகளைப் பற்றி. 1922ல் திறந்த துத்தன்காமன் கல்லறையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். கார்ட்டர் இறுதி அறிக்கை எழுதாமலே 1939ல் இறந்தார். அவற்றில் பெரும்பாலானவை 2025 நவம்பரில் திறக்கப்பட்ட பெரிய எகிப்திய அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. முழு ஆய்வு வெளியீடு மட்டும் இன்னும் பாக்கி. புதுக் கல்லறை தேடுவதைப் பத்து வருஷம் நிறுத்திவைத்து, எடுத்ததை எழுதி முடித்தாலே போதும் என்பது என் கட்சி.

இன்னொன்று நீர். அஸ்வான் உயர் அணை கட்டியபோது அபு சிம்பெல் கோயிலை ஆயிரத்துக்கும் மேற்பட்ட துண்டங்களாக அறுத்து, 65 மீட்டர் உயரத்தில் திரும்பக் கட்டினார்கள். 1968ல் வேலை முடிந்தது. நம் துறையின் சாதனைதான். ஆனால் வருஷம் முழுக்கப் பாசனம் வந்ததில் லக்சர் பக்கம் நிலத்தடி நீர் ஏறி, உப்பு கல்லுக்குள் புகுந்து செதுக்கலை உதிர்க்கிறது. வடிகால் போட்டிருக்கிறார்கள்; காலமெல்லாம் பராமரிக்க வேண்டிய வேலை. அதற்கு மண் தெரிந்தவர், உப்பு தெரிந்தவர், எழுத்து தெரிந்தவர் மூவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். அந்த மேஜையில் பேச்சு அரபியிலும் நடக்க வேண்டும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகளை டீயின்போது வைத்துக்கொள்ளலாம்.