வேட்டைக்கு ஓய்வு, வேட்டையாடியவர்க்கு வாழ்வு



இன்று இந்த மேடையில் ஆராயப்படும் பொருள், ஒரு காட்டுவிலங்கை ஆண்டு முழுவதும் வேட்டையாடலாமா, அல்லது ஆண்டில் சில மாதங்களேனும் அதற்கு வேட்டை ஓய்வுக்காலம் வழங்க வேண்டுமா என்பதாகும். ஒரு விலங்கு இணைசேர்ந்து, ஈன்று, குட்டிகளை வளர்த்தெடுக்கும் பருவத்தில் அதனைக் கொல்லவும் பிடிக்கவும் கூடாதென்று அரசு விதிக்கும் தடைக்காலமே ஓய்வுக்காலம் எனப்படுகிறது. அமெரிக்காவில் இந்த வழக்கு கயோட்டி என்னும் விலங்கைச் சுற்றி நெடுங்காலமாக நடந்து வருகிறது. ஓநாயினும் சிறியதும் நரியினும் பெரியதுமான இந்த நாய்க் குடும்ப விலங்கை அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு முழுவதும் சுடலாம். நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற சில மாநிலங்களில் மட்டும் அக்டோபரில் தொடங்கும் வேட்டைக்காலம் மார்ச்சு மாதத்தில் முடிந்து விடுகிறது.

மார்ச்சு என்னும் அந்த எல்லைக்குக் காரணம் உண்டு. கயோட்டி குளிர்காலத்தின் பிற்பகுதியில் இணைசேர்ந்து, ஏறத்தாழ 63 நாள் சூல் சுமந்து, இளவேனிலில் ஈனுகிறது. அப்போது தாயைச் சுட்டால் வளைக்குள் கிடக்கும் குட்டிகளும் பட்டினியில் மடியும். ஆனால் ஓய்வுக்காலத்தை எதிர்ப்போரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆடுகள் குட்டி போடுவதும் அதே இளவேனிலில்தான் என்பதால், குட்டிகளுக்கு இரை தேடும் கயோட்டி ஆட்டுப்பட்டியை நெருங்கும் அந்த மாதங்களில் மேய்ப்பவரின் கையைக் கட்டிப்போடுவது எந்த வகையில் நியாயம் என்று அவர்கள் கேட்கிறார்கள். இதற்கு விடையாக வரலாறு காட்டும் உண்மை ஒன்றுண்டு. நஞ்சு, பொறி, துப்பாக்கி என ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கயோட்டியின்மீது போர் நடந்த பிறகும், பெரும்பாலும் மேற்குப் பகுதிகளில் வாழ்ந்த அந்த விலங்கு இன்று ஹவாய் நீங்கலாக அந்நாட்டின் எல்லா மாநிலங்களிலும் பரவியிருக்கிறது. கூட்டத்தை ஆளும் இணையைக் கொன்றால் அதுவரை ஈனாதிருந்த பெட்டைகள் ஈனத் தொடங்குகின்றன. காலியான நிலத்துக்கு வேற்றிடத்து இளம் விலங்குகள் வந்து சேர்கின்றன. ஆகவே ஆட்டைக் கொன்ற விலங்கு எது என்று பாராமல் அந்த இனத்தையே சுடுவதால் பட்டிக்குக் காவல் கிடைப்பதில்லை.

இந்த வழக்கு இந்திய மண்ணுக்குப் புதிதன்று. அசோகர் முடிசூடிய 26-ஆம் ஆண்டில் பொறிக்கப்பட்ட ஐந்தாம் தூண் கல்வெட்டு, பல பறவைகளையும் விலங்குகளையும் கொல்லாமைக்குரியவை என்று பட்டியலிட்ட பின், சினையுற்ற அல்லது பால் கொடுக்கும் ஆட்டையும் பன்றியையும், ஆறு மாதம் நிரம்பாத குட்டியையும் கொல்லலாகாது என்றும், ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் மீனைக் கொல்லவோ விற்கவோ கூடாது என்றும் ஆணையிடுகிறது. ஊன் உண்பதை முற்றாக விலக்காமல், உயிர் பெருகும் பருவத்தையும் வேலியிட்டுக் காத்த இந்த ஏற்பாடு, ஓய்வுக்காலம் என்னும் கருத்தின் மிகத் தொன்மையான அரசாணைகளுள் ஒன்று.

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலிருந்து இன்று இங்கே கூடியிருப்போரின் ஊர்கள் அன்றைய செங்கற்பட்டுச் சீமையைச் சேர்ந்தவை. அதே சீமையின் வேடந்தாங்கல் மக்கள், ஏரி மரங்களில் கூடு கட்டும் நாரைகளையும் கொக்குகளையும் வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டு வீழ்த்துவதைப் பொறாமல் ஆட்சியர் லயனல் பிளேசிடம் முறையிட்டு, 1798-இல் அப்பறவைகளுக்குக் காப்பு ஆணை பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகும் என்பதை அம்மக்கள் பட்டறிவால் அறிந்திருந்தார்கள். கும்பினிப் படைகளுக்குத் தங்கல் அமைந்திருந்த பூவிருந்தவல்லியும், ஏரிகள் சூழ்ந்த அம்பத்தூரும் அந்த ஆணை பிறந்த சீமையின் ஊர்களே என்பதை இவ்வட்டாரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருதல் தகும்.

ஆங்கிலேயர் பின்னர் இயற்றிய சட்டங்களிலும் ஓய்வுக்காலம் இடம்பெற்றது. ஆனால் அதன் நோக்கம் வேறு. 1879-ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும், நாடு முழுமைக்குமான 1912-ஆம் ஆண்டின் காட்டுப்பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டமும், துரைமார் விரும்பிச் சுடும் கடமான், வரையாடு, காட்டுக்கோழி, கவுதாரி போன்றவை அருகிப் போகாதிருக்கத் தடைக்காலம் வகுத்தன. ஊனுண்ணிகளுக்கு அந்தச் சலுகை கிட்டவில்லை. மானைத் தின்னும் செந்நாய் துரையின் மானைத் திருடும் கள்ளனாகக் கருதப்பட்டு, அதன் தலைக்குப் பணம் தரப்பட்டது. குட்டி ஈனும் பருவத்திலும் ஓய்வு பெறாத அந்தச் செந்நாய், இன்று உலக அளவில் அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் வரிசையில் நிற்கிறது. இனப்பெருக்கத்துக்குரிய வளர்ந்த செந்நாய்கள் உலகெங்கும் 2,215-க்கு மேல் இரா என்பது வல்லுநர் கணிப்பு. துரத்தத் துரத்தப் பெருகிய கயோட்டியும் துரத்தத் துரத்தத் தேய்ந்த செந்நாயும் ஒரே குடும்பத்து விலங்குகளாக இருப்பதால், எந்த விலங்கு எத்தனை சாவைத் தாங்கும் என்பதை ஆராயாமல் ஆண்டு முழுவதும் வேட்டையைத் திறந்து வைப்பது அறியாமையோடு ஆடும் சூதாட்டம் என்பது விளங்கும்.

விடுதலை பெற்ற இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியை அடைத்த 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்த பின், எந்த மாதத்தில் சுடலாம் என்ற கேள்வி மாறி, ஏன் சுட வேண்டும் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அச்சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி, மிகுந்த காப்புக்குரிய முதல் அட்டவணையிலுள்ள ஒரு விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகி விட்டது என்றோ, மீள முடியாத நோயுற்றது என்றோ தலைமை வன உயிரினக் காப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிந்த பிறகே அதனைக் கொல்ல இசைவு தரலாம். இரண்டாம் அட்டவணை விலங்காயின் பயிர்ச்சேதமும் காரணமாகக் கொள்ளப்படும். தமிழ்நாட்டு வயல்களிலும் புதர்க்காடுகளிலும் வாழும் நரி 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் அட்டவணையில் இருக்கிறது. அதற்கு ஆண்டின் 365 நாளும் ஓய்வுக்காலமே. வயலெலியையும் நண்டையும் செத்த கால்நடையையும் தின்று கழனியைத் துப்புரவாக்கும் நரிக்கு இந்தக் காப்பு மிகையன்று. ஆயினும் நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்ற நம்பிக்கையில், சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துச் சிற்றூர்களில் காணும் பொங்கலையொட்டி நரியை வலைவைத்துப் பிடித்து, வாயைக் கட்டி ஊர்வலமாகக் கொண்டுவந்து கூட்டத்தின் நடுவே ஓடவிடும் வழக்கம், வனத்துறை தண்டம் விதித்த பின்னும் தலைகாட்டி வருகிறது.

பயிரை உண்மையிலேயே அழிக்கும் விலங்கு இருக்குமாயின் உழவர் என்ன செய்வது என்ற கேள்விக்கும் விடை தேவை. நிலக்கடலையையும் மரவள்ளியையும் ஓரிரவில் கிளறிப் போடும் காட்டுப்பன்றியின் தொல்லை தாளாமல் உழவர்கள் முறையிட்டதன் பேரில், தமிழ்நாடு அரசு 2025 சனவரியில் ஒரு வரையறையை அறிவித்தது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைப் பிடிக்கவும் சுடவும் கூடாது; ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையில் பிடித்துக் காட்டில் விடலாம்; மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையினரே சுடலாம். விலங்கு நிற்கும் இடத்தையும் அது செய்யும் சேதத்தையும் அளவுகோலாகக் கொண்டு, துப்பாக்கியைப் பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் வைக்கும் இந்த முறை, ஆண்டு முழுவதும் யாரும் சுடலாம் என்பதற்கும் எப்போதும் எவரும் தொடக்கூடாது என்பதற்கும் இடையே ஒரு நடுநிலையைத் தேடுகிறது.

இந்த ஆய்வில் வழக்கமாக விடுபட்டுப் போகும் ஒரு தரப்பு உண்டு: வேட்டையை நம்பி வாழ்ந்தவர்கள். தமிழ்நாடு அவர்களை இருவிதமாக நடத்தியிருக்கிறது. முதலாவது கடல். கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் 45 நாளாக இருந்து, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாக நீட்டிக்கப்பட்ட மீன்பிடித் தடைக்காலத்தில், மீன்கள் முட்டையிட்டுப் பெருகுவதற்காக விசைப்படகுகள் கரையில் கட்டப்படுகின்றன. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் நின்றால் அம்பத்தூர்ச் சந்தையில் வஞ்சிரத்தின் விலை ஏறுவதை இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் அறியும். அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் அரசு நிவாரணம் வழங்குகிறது. அத்தொகை 2025-இல் 8,000 ரூபாய். அது போதாது என்ற குரல் எழுவதிலும் நியாயம் உண்டு; ஆனால் கடலை மூடுகிற அரசு மீனவர்க்குக் கடன்பட்டிருக்கிறது என்ற கொள்கை ஏற்கப்பட்டு விட்டது.

இரண்டாவது காடும் கழனியும். அங்கே அந்தக் கொள்கை ஏற்கப்படவில்லை என்பதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆவடியிலேயே நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. குருவிக்காரர் என்றும் அழைக்கப்படும் இம்மக்கள் நரி பிடிக்கும் முறையை 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய தொகுப்பு பதிவு செய்திருக்கிறது. அந்தி மங்கிய பின் வலையை விரித்து, ஒருவர் புதரில் மறைந்து நரியைப் போலவே ஊளையிட, மற்றவர் மறுகுரல் கொடுக்க, இனத்தின் குரலென்று நம்பி ஓடிவரும் நரி வலையில் விழும். விலங்கின் குரலையும் தடத்தையும் பருவத்தையும் இவ்வளவு நுட்பமாகக் கற்றிருந்த ஒரு சமூகத்தின் தொழிலைச் சட்டம் குற்றமாக அறிவித்தது; அது சரியே. ஆனால் மாற்றுத் தொழிலுக்குப் போதிய வழிசெய்யாமல் அறிவித்ததால், அவர்களுள் பலர் பேருந்து நிலையங்களிலும் கோயில் வாசல்களிலும் பாசிமணி கோத்து விற்பதையே நம்பினார்கள்; சிலர் நரிக்கு இயற்கையில் இல்லாத கொம்பை நரிக்கொம்பு என்று செய்து, அதனை நல்வாய்ப்புத் தரும் தாயத்தென நம்புவோரிடம் விற்கும் பழைய தொழிலைத் தொடர்ந்தார்கள். வாங்குவோர் படித்தவர்களாகவும் இருந்தார்கள் என்பதால் குறை விற்றவரிடம் மட்டும் இல்லை.

இம்மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கலாம் என்று மைய அரசு அமைத்த லோகூர் குழு பரிந்துரைத்தது 1965-இல். ஆவடிக் குடியிருப்புக்கு அன்றைய முதலமைச்சர் நேரில் வந்து ஒரு குடும்பத்தோடு உணவருந்தியது 2022 ஏப்ரலில். அவர்களைப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது அதே ஆண்டு டிசம்பரில். காட்டு விலங்குகளுக்குக் காப்புச் சட்டம் 1972-இலேயே வந்திருக்க, வேட்டையை விட்டு விலகச் சொல்லப்பட்ட மனிதருக்கு உரிய இடம் கிடைக்க மேலும் ஐம்பது ஆண்டுகள் ஆயின. கடலில் 61 நாள் தடைக்கு ஈடு கொடுக்கும் அரசு, கரையில் ஆயுள் முழுவதற்குமான தடைக்குத் தக்க ஈடு கொடாதிருந்தது முறையன்று.

ஆகவே இந்த அவையின் முன் வைக்கப்படும் முடிவு இது. உணவுக்காகப் பெருமளவில் பிடிக்கப்படும் மீனுக்கு ஓய்வுக்காலமே தக்க ஏற்பாடு. நரியைப் போன்று உணவுக்காகப் பெருமளவில் பிடிக்கப்படாமலும் பயிரைப் பெரிதாக அழிக்காமலும் வாழும் விலங்குக்கு வேட்டைக்காலம் என்று ஒன்று இருக்கவே கூடாது. காட்டுப்பன்றியைப் போல இழப்பு விளைவிப்பதைச் சேதம் மெய்ப்பிக்கப்பட்ட இடத்தில், பொறுப்புள்ளவர் கையால் மட்டும் கட்டுப்படுத்த வேண்டும். மூன்றிலும் தடையால் வாழ்விழப்பவர்க்கு ஈடும் மாற்றுத் தொழிலும் தடை தொடங்கும் நாளிலேயே தொடங்க வேண்டும்.

அதற்கான முதற்பணி இந்த வட்டாரத்திலேயே காத்திருக்கிறது. அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லியை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரி ஆகியவற்றுக்கு அக்டோபர் முதல் மார்ச்சு வரை வலசைப் பறவைகள் வருகின்றன. அவற்றைக் கண்ணியிலிருந்தும் வலையிலிருந்தும் காக்கவும், பள்ளிப் பிள்ளைகளுக்குப் பறவைகளை அடையாளம் காட்டவும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். பறவையின் பறப்பைக் கண்டே அதன் பெயரைச் சொல்லும் அறிவு நரிக்குறவர் குடும்பங்களில் இன்னும் எஞ்சியிருக்கிறது. ஆவடி மாநகராட்சியும் சென்னை மாநகராட்சியும் வனத்துறையும் இணைந்து, அக்குடும்பங்களின் இளைஞர்களை மாதச் சம்பளத்தில் ஏரிக் காவலர்களாகவும் பறவை வழிகாட்டிகளாகவும் அமர்த்த வேண்டும் என்று இந்த அவை தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும். வந்திருக்கும் ஒவ்வொருவரும் நரிக்கொம்பையும் கண்ணியில் பிடித்த பறவையையும் விலைக்கு வாங்குவதில்லை என்று இன்றே உறுதி ஏற்கட்டும்; வாங்குவார் இல்லையேல் வேட்டைக்குப் பருவமே இராது.