ஒளியின் சந்திப்பு நிலையம்



டில்லியிலோ மும்பையிலோ இருந்துகொண்டு ஊரிலுள்ள உறவினருக்கு ஒரு படம் அனுப்புகிறோம். கண் இமைப்பதற்குள் அது போய்ச் சேர்ந்துவிடுகிறது. இடையிலே தரவு மையம் என்னும் பெருங்கூடம் ஒன்று உழைக்கிறது. அங்கே பல்லாயிரம் கணிப்பொறிகள் அடுக்கடுக்காக நின்று, தமக்குள் இடைவிடாது பேசிக்கொண்டிருக்கின்றன. அப்பேச்சுக்கு வழி பிரித்துத் தரும் சந்திப்பு நிலையத்தைப் பற்றியே இன்று நாம் சிந்திக்கப் போகிறோம்.

கணிப்பொறி அடுக்குகளுக்கிடையே செய்தி பெரும்பாலும் கண்ணாடி இழையில் ஒளியாகவே ஓடுகிறது. ஆயினும், வழி பிரியும் இடந்தோறும் அவ்வொளியை மின் துடிப்பாக மாற்றி, முகவரியைப் படித்து, மீண்டும் ஒளியாக்கி அனுப்புவதே வழக்கம். மீட்டர்கேஜ் வண்டியிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் அகலப்பாதை வண்டியில் ஏறிய முற்காலப் பயணத்தை இது நினைவூட்டும். அங்கே பயணிக்குக் களைப்பு. இங்கே மின்சாரச் செலவு. அதனால் எழும் வெப்பத்தைத் தணிக்க மேலும் மின்சாரம் வேண்டும்.

இறங்காமலே போக வழியில்லையா? உண்டு. கூகுள் நிறுவனம் தன் தரவு மையங்களுக்கென ஆக்கிய ஒளி இணைப்பு மாற்றியில் 136 வழிகள் உள்ளன. ஓர் இழையிலிருந்து வெளிப்படும் கதிர், நுண்ணிய ஆடி ஒன்றில் பட்டுத் திரும்பி, இன்னோர் ஆடியிலும் பட்டு, வேறோர் இழைக்குள் புகுந்துவிடுகிறது. ஆடிகளைச் சற்றே சாய்த்தால் வழி மாறும். செய்தியை அது படிப்பதில்லை. ஆகவே நாளை இன்னும் விரைவான கணிப்பொறிகள் வந்தாலும் ஆடிகளை மாற்ற வேண்டியதில்லை. நடுவிலிருந்த மின் மாற்றிகளின் அடுக்கை நீக்கி இவற்றை அமைத்தது முதலிய மாறுதல்களால், வலையமைப்பின் மின்செலவு 41 விழுக்காடு குறைந்ததென அந்நிறுவனப் பொறியாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஆய்வுரை கூறுகிறது.

எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. படிக்காத கருவி, முகவரி பார்த்துப் பிரிக்க இயலாது. ஆடி திரும்ப மில்லி வினாடிக் கணக்கில் நேரம் பிடிக்கும். வினாடிக்கு 10,000 கோடி பிட் செல்லும் இழையில், ஒரு மில்லி வினாடிக்குள் 10 கோடி பிட் கடந்துவிடும் அல்லவா? எனவே, நொடிக்கு நொடி திசை மாறும் சிறு செய்திகளுக்கு மின் மாற்றியே ஏற்றது. நெடுநேரம் ஒரே திசையில் பாயும் பெருவெள்ளத்துக்கே ஆடி ஏற்றது.

அத்தகைய வெள்ளம் எங்கே உண்டு? செயற்கை நுண்ணறிவைப் பயிற்றும் பெருங்கணிப்பொறியில் உண்டு. அங்கே ஆயிரக்கணக்கான சில்லுகள் ஒரே கணக்கைப் பகிர்ந்து, வாரக்கணக்கில் செய்கின்றன. ஒன்று பழுதானால் மற்றவையும் காத்து நிற்கும். கூகுளின் நான்காம் தலைமுறை டிபியு அமைப்பில் 4,096 சில்லுகள் 64 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, 48 ஒளி மாற்றிகளால் இணைக்கப்பட்டுள்ளன. ஒரு கணக்குக்கு ஒதுக்கிய தொகுதி பழுதுற்றால், ஆடிகளைச் சாய்த்து அதனை விலக்கி, நலமாயுள்ள வேறொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். இழையைக் கழற்றி மாட்ட வேண்டுவதில்லை. இவ்வொளிப் பகுதிக்கு ஆகும் மின்சாரம் மொத்தத்தில் 3 விழுக்காட்டிற்கும் குறைவென 2023-இல் வெளியான ஆய்வுரை தெரிவிக்கிறது.

மும்பையிலும் சென்னையிலும் தரவு மையங்கள் பெருகி வருகின்றன. நம் வீட்டு விளக்குக்கும் உழவரின் பம்புசெட்டுக்கும் வேண்டிய மின்சாரத்தையே அவையும் நாடுகின்றன. அங்கே செய்தியைப் படித்துப் பிரிக்க வேண்டிய இடம் எது, படிக்காமலே திருப்பிவிடத் தக்க இடம் எது என்று ஆய்ந்து அமைப்பது, அதனால் நம் அனைவருக்கும் பயன் தருவதாகும்.