ஓரத்தில் பதிந்த ஊர்

வாசுதேவநல்லூர்ப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே!

நம் மக்கள் எதில் போனார்கள், எப்படி உழைத்தார்கள் என்பதைப் பழைய படச்சுருள்களில் தேடுவது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

கோட்டையூர் ஏ.கே. செட்டியாரிடமிருந்து தொடங்குவதே முறை. காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்துக்காக நாடு நாடாக அலைந்தார். யார் யாரோ எடுத்துவைத்திருந்த துண்டுச் சுருள்களைச் சேர்த்தார். தேறியது சுமார் 50,000 அடி. அதிலிருந்து தொகுத்த 12,000 அடிப் படம் 1940இல் தமிழில் வெளிவந்தது. பிறகு அந்தப் படமே நெடுங்காலம் கண்ணில் படாமல் போயிற்று. தேடித் தொகுத்தவரின் படத்தையே ஆய்வாளர்கள் தேடி அலைய வேண்டியிருந்தது.

பழைய படங்கள் தொலைவதற்கு ஒரு காரணம் சுருள் செய்த பொருளிலேயே இருக்கிறது. 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் சுருள் பொசுக்கென்று தீப்பிடிக்கும். அடுத்து வந்த அசிடேட் சுருள் வெக்கையிலும் ஈரத்திலும் காடி வாடை அடித்துச் சுருங்கிவிடும். 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’கூட இன்று நம்மிடம் இல்லை. சந்தையையும் தெருவையும் எடுத்த துண்டுகளை யார் காப்பாற்றியிருப்பார்கள்?

தப்பிப் பிழைத்தவற்றையும் நாம் சரியாகப் பார்ப்பதில்லை. மௌனப் படக் காலத்தில் நொடிக்குப் பதினாறு சட்டம் (ஃபிரேம்) அளவில் கையால் சுழற்றி எடுத்ததை இருபத்துநாலு சட்ட வேகத்தில் ஓட்டினால் மனிதர்கள் துள்ளி ஓடுவார்கள். அதைப் பார்த்துச் சிரிக்கிறோம். வேகத்தைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். மூட்டை சுமப்பவரின் முழங்கால் மடிவதும், பாரத்தைத் தோளில் நகர்த்தி அவர் அடுத்த அடி வைப்பதும் தெரியும். அது அவர் கற்ற தொழில்.

நம் பக்கத்துக்கு வருவோம். சங்கரன்கோவில் வழியாக 1927இல் வந்த விருதுநகர்–தென்காசி மீட்டர்கேஜ் பாதை 2004இல் அகலப்பாதை ஆயிற்று. 1904இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையின் மீட்டர்கேஜ் ஓட்டம் 2010இல் நின்றது. இந்த அவையில் இருக்கும் மாணவர்கள் அந்த ரயிலில் ஏறியிருக்க மாட்டார்கள். அது ஓடிய காலத்துத் தெருக்கள் உங்கள் வீட்டுக் கல்யாண வீடியோ கேசட்டுகளில் இருக்கலாம்.

அந்தக் கேசட்டுகளில் தாலி கட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். மாப்பிள்ளை அழைப்பில் படத்தின் ஓரத்தைக் கவனியுங்கள். ஊர்வலத்துக்காக ஒதுங்கி நிற்கும் கரும்பு வண்டி, படிக்கட்டில் ஆள் தொங்கும் பஸ், அடுக்களைப் பக்கம் அண்டா கழுவும் பெண்கள், பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்து முன்னே நடப்பவர். மணமக்கள் பெயர் பூ எழுத்தில் ஓடும்; வெளிச்சம் சுமந்தவர் பெயர் எங்கும் இருக்காது. கேமராக்காரர் வேண்டுமென்று எடுக்காத இந்த ஓரம்தான் ஊரின் உழைப்புக்குச் சாட்சி.

அந்தச் சாட்சிக்கும் ஆயுள் குறைவு. நாடாவில் பூஞ்சை ஏறுகிறது. கேசட்டை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது.

ஆகவே பெரியோர்களே, பரணில் கிடக்கும் கேசட்டுகளைக் குப்பையில் போடாதீர்கள். கணினியில் ஏற்றி, ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். மாணவர்களே, வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். இது எந்தத் தெரு, எந்த வருடம், விளக்குச் சுமப்பவர் யார் என்று கேட்டு எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.