வீடு வாங்குமுன் நமக்கென ஒரு வழக்கறிஞர்



தோட்டத்தில் குடியிருக்கும் வீடு நிருவாகத்தினுடையது. வேலை உள்ளவரை வீடு உண்டு. ஓய்வு பெற்றபின் அதனைத் திருப்பித் தருவதே முறை. ஆகவே, கைகால் திடமாக இருக்கும்போதே சொந்தமாக ஒரு வீட்டைத் தேடிக்கொள்வது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகின்றது. நிலம் நம் கைக்கு வரவேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு, துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தொழிலாளர்களின் சிறு சேமிப்பே அதற்கு முதலாயிற்று. அன்று பலர் கூடிச் செய்ததை இன்று ஒவ்வொரு குடும்பமும் தனியே செய்யவேண்டியிருக்கிறது. தனியே செய்யும்போதுதான் ஏமாறும் வாய்ப்பும் மிகுதி.

பால்வெட்டிச் சேர்த்த பணமும் சேமநிதிப் பணமும் ஒரே கையொப்பத்தில் கைமாறுகின்றன. அக்கையொப்பத்தை இடுமுன் நம் நலனை மட்டுமே கருதும் வழக்கறிஞர் ஒருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் வலியுறுத்த விரும்பும் செய்தி.

பணம் கொடுத்துவிட்டால் வீடு நம்முடையதாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. தீபகற்ப மலேசியாவில் 1966ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கி நடப்பிலிருக்கும் தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி, நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர். பதினான்கு-ஏ பாரம் எனப்படும் உரிமை மாற்றப் பத்திரம் முத்திரை வரி செலுத்தப்பெற்று அப்பதிவேட்டில் ஏறினால்தான் கிராண்டு நம் பெயருக்கு மாறும். தரகர் எழுதித் தரும் கடிதமோ, சத்தியப் பிரமாண ஆணையரின் முத்திரை இட்ட தாளோ கிராண்டாகிவிடாது. முத்திரையைக் கண்டு மயங்குதல் கூடாது.

தோட்டப்புறங்களை அடுத்து நடைபெறும் ஒரு வகை விற்பனையைப் பற்றி இங்கே எச்சரிக்க வேண்டும். ஐந்து ஏக்கர் விவசாய நிலம் ஒன்றைச் சிறு சிறு மனைகளாகக் கோடிட்டு, “மலிவான மனை, தவணையில் செலுத்தலாம்” என்று விற்பார்கள். விவசாய நிலத்தை 0.4 ஹெக்டருக்குக் குறைவாக, அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கருக்குக் குறைவாகப் பிரித்துத் தனிப்பட்டா வழங்கச் சட்டம் பொதுவாக இடமளிப்பதில்லை. பல ஆண்டுகள் தவணை கட்டி முடித்த பின்னரும் தனிக் கிராண்டு வராது. நமக்கென ஒரு வழக்கறிஞர் இருந்தால், முதல் வெள்ளியைக் கொடுக்குமுன்னரே இதனை எடுத்துச் சொல்லியிருப்பார்.

அவர் செய்யும் பணிகள் யாவை? முதலாவதாக, நில அலுவலகத்தில் பதிவேட்டைத் தேடிப் பார்ப்பார். விற்பவர் உண்மையான உரிமையாளர்தானா, வங்கியில் அடமானம் உண்டா, வேறு எவரேனும் தடைமனு பதிந்துள்ளனரா என்பவை அதில் தெரியவரும். இரண்டாவதாக, நிலத்தின் தன்மையை ஆராய்வார். குத்தகை நிலமாயின் எஞ்சியுள்ள ஆண்டுகள் எத்தனை, உரிமை மாற்றத்திற்கு மாநில அரசின் இணக்கம் வேண்டுமா, மலாய் ஒதுக்கீட்டு நிலமா என்பனவெல்லாம் முன்கூட்டியே அறியவேண்டியவை. மூன்றாவதாக, ஒப்பந்தத்தில் கையொப்பமானவுடன் நம் சார்பில் தனிமுறைத் தடைமனு ஒன்றைப் பதிவு செய்வார். அது நடப்பிலிருக்கும் வரை, விற்பவர் அதே வீட்டை மற்றொருவர் பெயருக்கு மாற்ற இயலாது. இறுதியாக, வங்கிக் கடன், முத்திரை வரி, உரிமை மாற்றம் ஆகியவற்றை முடித்து, கிராண்டு நம் பெயரில் வரும்வரை தொடர்ந்து கவனிப்பார்.

இனி, வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வருவோம். “எங்கள் வழக்கறிஞரே உங்களுக்கும் பார்த்துக்கொள்வார்” என்று விற்பவரோ தரகரோ சொன்னால் உடனே இசைந்துவிட வேண்டாம். புதிய வீடமைப்புத் திட்டத்தில், வீடமைப்பாளரின் வழக்கறிஞர் அதே விற்பனையில் வாங்குபவருக்கும் செயற்படலாகாது என்று 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் தடுத்துள்ளது. “வழக்கறிஞர் கட்டணம் இலவசம்” என்னும் விளம்பரத்தைக் கண்டால், “அந்த வழக்கறிஞர் யாருக்காகச் செயற்படுகிறார்?” என்று கேளுங்கள். நமக்காக இல்லையெனில், அவர் கொடுக்கும் ஆலோசனை நமக்குரியதன்று. பழைய வீட்டை வாங்கும்போதும் விற்பவருக்கு ஒருவர், நமக்கு ஒருவர் எனத் தனித்தனியே இருப்பதே நலம். வீட்டை விற்கப் போகிறவர்களும் இதே விழிப்புடன் நடந்துகொள்ள வேண்டும்.

அடுத்து, அவர் அவ்வாண்டுக்குரிய தொழிற்சான்றிதழ் பெற்றவரா என்று பார்க்கவேண்டும். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையத்தளத்தில் பெயர்ப்பட்டியல் உண்டு. படித்த பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நாம் கடன் பெறும் வங்கியின் பட்டியலில் அவர் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். இருந்தால் விற்பனை ஒப்பந்தமும் கடன் பத்திரமும் ஒரே இடத்தில் முடியும், அலைச்சலும் குறையும். பத்திரங்கள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அவற்றின் ஒவ்வொரு விதியையும் நமக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்கக் கூடியவராக அவர் இருக்கவேண்டும். விளங்காத தாளில் கையொப்பமோ கைநாட்டோ வைக்கலாகாது. “வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு வருகிறோம்” என்று சொல்வது நம் உரிமை.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. கட்டணம் அரசாங்க அட்டவணைக்கு உட்பட்டது. 2023ஆம் ஆண்டு திருத்தத்தின்படி, வீட்டு விலையின் முதல் 500,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 1.25 என்பது விகிதம். 200,000 வெள்ளிக்குப் பழைய வீடொன்றை வாங்கினால், விற்பனை ஒப்பந்தத்திற்கான கட்டணம் 2,500 வெள்ளி. உரிமை மாற்றப் பத்திரத்தின் முத்திரை வரி, முதல் 100,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 1, அடுத்த 100,000 வெள்ளிக்கு நூற்றுக்கு 2 என, 3,000 வெள்ளி ஆகும். கடன் பத்திரச் செலவு, சேவை வரி, தேடுதல் செலவு ஆகியவை தனி. முதல் வீடு வாங்குவோருக்கு முத்திரை வரிச் சலுகை உண்டா என்பதையும் கேட்டறியுங்கள். எல்லாச் செலவையும் எழுத்து மூலம் முதலிலேயே பெற்றுக்கொள்வது நல்லது. கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது கேட்டுப் பெறவேண்டும்.

பழைய வீட்டுக்குரிய முன்பணத்தைத் தரகர் கையில் கொடுக்காமல், வழக்கறிஞரின் கட்சிக்காரர் கணக்கில் செலுத்துவதே பாதுகாப்பு. அக்கணக்கிலுள்ள பணத்தை அவர் தம் சொந்தச் செலவுக்கு எடுக்கலாகாது. புதிய வீடமைப்புத் திட்டங்களிலோ, விற்பனை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் “புக்கிங்” என்றோ வேறு பெயராலோ பணம் வாங்க வீடமைப்பு விதிகள் இடந்தருவதில்லை. கையொப்பமாகும்போது செலுத்தவேண்டியது விலையில் நூற்றுக்கு 10. ஊழியர் சேமநிதியில் வீட்டுக்காகப் பணம் எடுக்க விரும்புவோரிடமும் வாரியம் முறையான விற்பனை ஒப்பந்தத்தையே கேட்கும்.

வழக்கறிஞர் தவறிழைத்தால் கேட்பாரில்லை என்று எண்ண வேண்டாம். வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்தில் எழுத்து மூலம் புகார் செய்யலாம். அதற்கு ரசீதுகளும் கடிதப் படிகளுமே சான்றாகும். அவற்றை ஒரு கோப்பில் பத்திரமாக வைத்திருங்கள்.

பெருமக்களே! மரத்தில் வெட்டுப்பட்டை எடுக்கும்போது கத்தி ஆழப் பதிந்தால் மரம் கெடும் என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். ஆகவே கை நிதானித்துச் சீவுகிறீர்கள். அதே நிதானம் கையொப்பமிடும்போதும் வேண்டும். உறவினர் சொன்னார், தரகர் அவசரப்படுத்தினார் என்று விரைந்துவிடாமல், குடும்பத்தோடு கலந்து பேசி, தங்களுக்கென ஒரு வழக்கறிஞரை அமர்த்தி, கேட்டு, விளங்கி, பின்னர்க் கையொப்பமிடுங்கள். கிராண்டில் தங்கள் பெயர் ஏறிய நாளே வீடு தங்களுடையதாகும் நாள். அந்நாள் ஒவ்வொரு தொழிலாளக் குடும்பத்திற்கும் விரைவில் வாய்க்க வேண்டுமென வாழ்த்தி அமைகின்றோம்.